பட்டி போட்டும் திரும்ப விடுகிற விரிசல்

கேள்வி: அப்பா வாங்கிய சிபானி டால்பின் கார் இன்னும் ஓடுகிறது. முழுக்க ஃபைபர் பாடி. முன்சக்கரத்துக்கு மேலே விரல் நீளத்துக்கு விரிசல். இரண்டு தடவை பட்டி போட்டு பெயிண்ட் அடித்தாயிற்று, மறுபடியும் அதே இடத்தில் கோடு விழுகிறது. என்ன செய்வது?
- வாசகர், மன்னார்குடி

பதில்: பட்டி விரிசலை மறைக்கும், பிடித்துக்கொள்ளாது. உள்ளே கண்ணாடி இழை அறுந்திருந்தால் வண்டி குலுங்கும்போதெல்லாம் அந்த இடம் அசைந்து பட்டியையும் பிளந்துவிடும், எத்தனை தடவை போட்டாலும் இதே கதைதான்.

முதலில் பெயிண்டைத் தேய்த்து எடுங்கள். பெயிண்டோடு கோடும் போய்விட்டால் சரி, பெரிய வேலை இல்லை. போகவில்லையா, சக்கரத்துக்கு மேலே உள்பக்கம் ஒட்டியிருக்கும் வயல் சேற்றைக் கழுவி, நன்றாகக் காயவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். இழை வெள்ளையாக வெளுத்திருக்கும் இடம்தான் அறுந்த இடம். அப்புறம் ஒரு ரூபாய் நாணயத்தால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடத்தில் 'டக் டக்'கென்று கணீரென்று கேட்கும், அடுக்கு பிரிந்த இடத்தில் சத்தம் மந்தமாகிவிடும். அதைச் சுற்றிப் பென்சிலால் கோடு போடுங்கள், பெரும்பாலும் வெளியே தெரியும் விரிசலைவிட அகலமாகவே இருக்கும். விரிசல் ஒரு போல்ட்டிலிருந்து கிளம்பியிருந்தால் யாரோ அளவுக்கு மீறி முறுக்கியிருக்கிறார்கள், அங்கே ரப்பரும் அகலமான வாஷரும் வைக்காமல் மேற்கொண்டு எதுவும் செய்யாதீர்கள்.

விரிசலின் இரண்டு முனையிலும் சின்னத் துளை போட்டால் மேலே ஓடாது. உள்பக்கத்தைக் கிரைண்டரால் சரிவாகத் தேய்க்க வேண்டும், பேனல் 3 மி.மீ. கனம் என்றால் விரிசலுக்கு இரண்டு பக்கமும் 36 மி.மீ. வரைக்கும். மாஸ்க் கட்டாயம், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. அசிட்டோனால் துடைத்து, பாலியெஸ்டர் ரெசினில் கண்ணாடி இழை விரிப்பான மேட்டை நனைத்து, சிறிய துண்டு முதலில், பெரியது அடுத்து என்று இரண்டு மூன்று அடுக்கு ஒட்டி, காற்றுக்குமிழ் இல்லாமல் அழுத்துங்கள். ரெசினை இறுக வைக்கும் ஹார்ட்னர், ரெசினில் 1 முதல் 2 சதவீதம் போதும். இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட்டையும் ஹார்ட்னரையும் நேராகச் சேர்த்துவிடாதீர்கள், வெடித்துவிடும். கோபால்ட் முதலில் ரெசினில் முழுக்கக் கலந்த பிறகே ஹார்ட்னர். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இந்த வேலையே வேண்டாம், ஈரம் ஏறிய மேட்டில் ரெசின் ஒழுங்காகப் பிடிக்காது. தை பிறக்கட்டும்.

சொந்தமாகச் செய்யத் தயக்கமாக இருந்தால் நாகப்பட்டினம் பக்கம் ஃபைபர் படகு பழுதுபார்க்கிறவர்களிடம் வண்டியை ஓட்டிக்கொண்டு போங்கள். அதே ரெசின், அதே மேட், கடல் அலை மோதும் பலகையையே ஒட்டுகிறவர்கள் அவர்கள். பட்டியும் பெயிண்டும் மட்டும் உங்கள் டிங்கர் பார்த்துக்கொள்ளட்டும்.