பல்கலைக்கழகத்தை மாற்ற வேண்டாம், துணை நெறியாளரைத் தேடுங்கள்

சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரில், அறிவைப் பெறும் வழிகளைப் பேசும் அளவைப் பகுதியை முனைவர் பட்டத்துக்கு ஆராய்கிறீர்கள், ஆனால் துறையில் நியாய தரிசனம் என்னும் இந்தியத் தர்க்க மரபைக் கற்றவர் ஒருவரும் இல்லை, அதனால் பல்கலைக்கழகத்தையே மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள், தங்கையே. இரண்டு ஆண்டு உழைப்பு வீணாகிவிடும்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிமுறைகள், வேறு நிறுவனத்தைச் சேர்ந்தவரையும் துணை நெறியாளராக ஏற்க இடம் தருகின்றன. உரிய அதிகாரியின் ஒப்புதல் வேண்டும், அவ்வளவுதான். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ராதாகிருஷ்ணன் பெயரிலான தத்துவ உயராய்வு நிறுவனமும், சைவ சித்தாந்தத்துக்கெனத் தனித் துறையும் உள்ளன. புதுச்சேரியில் பல்கலைக்கழகத் தத்துவத் துறையோடு பிரெஞ்சு நிறுவனமும் இருக்கிறது. அங்குள்ள சைவச் சுவடிகள் 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றவை. இந்த இடங்களில் துணை நெறியாளரைத் தேடலாம், ஒருமுறையாவது போய்ப் பாருங்கள்.

எனக்கும் இதே சிக்கல் இருந்தது. பக்கத்து மாவட்டப் பேராசிரியர் ஒருவர் சனிக்கிழமைகளில் என்னோடு தர்க்கசங்கிரகம் என்னும் தர்க்கத் தொடக்க நூலைப் படித்தார். ஒன்று இருக்கும் இடமெல்லாம் மற்றொன்றும் விலக்கின்றி இருப்பதைக் குறிக்கும் 'வியாப்தி' என்பதைத் 'தொடர்பு' என்று மொழிபெயர்த்திருந்தேன். அவர் அதைப் பென்சிலால் சுழித்து, "புகையுள்ள இடமெல்லாம் நெருப்பு. அந்த 'எல்லாம்' எங்கே?" என்று ஓரத்தில் எழுதினார். அந்த அத்தியாயம் முழுவதையும் திருத்தி எழுதினேன்.

முதலில் உங்கள் நெறியாளரிடம் பேசுங்கள். அவருக்குத் தெரியாமல் வெளியே கடிதம் போனால் மனக்கசப்பு வரும். பிறகு அவர் கையொப்பத்தோடு, எந்தச் செய்யுள்களில் தடுமாறுகிறீர்கள் என்பதைக் குறித்து இரண்டு பக்கம் எழுதி, துணை நெறியாளராக நீங்கள் நாடுபவருக்கு அனுப்புங்கள்.