வெள்ளிக்கிழமை மாலை ஐந்தரை மணி – கடிதமும் பதிலும்

வணக்கம் அக்கா,

எனக்கு 37 வயது. துவாஸில் வேலை, ஈசூனில் வீடு. வாரநாட்களில் குடியைத் தொடுவதில்லை. வெள்ளி மாலை கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கினால் நேராக புளோக்குக்குக் கீழே இருக்கும் காப்பிக்கடைதான். மூன்று பெரிய பாட்டில் பீர் ஓடும். பிறகு கூட்டாளி வீட்டில் என் பங்குக்குக் கால் பாட்டில் விஸ்கி. சனிக்கிழமை முழுக்கப் படுக்கை. இப்போதெல்லாம் மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு வெள்ளி இரவே அம்மா வீட்டுக்குப் போய்விடுகிறார்.

என்னோடு குடிக்கும் இருவருக்கும் இதே நிலைதான். மூவரும் சேர்ந்து நிறுத்துவது என்று முடிவெடுத்து வாட்ஸ்அப் குழு தொடங்கினோம். இரண்டு வாரம் நன்றாகப் போனது. மூன்றாம் வாரம் ஒருவர் புதுமனை விருந்தில் குடித்துவிட்டார். குழுவில் யாரும் எதுவும் எழுதவில்லை. அடுத்த வெள்ளி மூவரும் ஒரே மேசையில் உட்கார்ந்துவிட்டோம். குடிக்கிறவனுக்குக் குடிக்கிறவன் உதவ முடியுமா? தினமும் குடிக்காத எங்களுக்கு டாக்டர் தேவையா?

பெயர் வேண்டாம்.

அன்புள்ள தம்பி,

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். உயிர் சம்பந்தப்பட்டது அதுதான்.

சிங்கப்பூரில் 10 கிராம் சுத்த ஆல்கஹாலை ஓர் அளவு என்று கணக்கிடுகிறார்கள். பெரிய பீர் பாட்டில் சுமார் 630 மில்லி, 5 விழுக்காடு. அதில் இரண்டரை அளவு இருக்கிறது. மூன்று பாட்டிலுக்கு ஏழரை. கால் பாட்டில் விஸ்கியில் இன்னொரு ஐந்தரை. ஒரே இரவில் பதின்மூன்று. ஆண் ஒரே அமர்வில் ஐந்தைத் தொட்டாலே, பெண் நான்கைத் தொட்டாலே அது மொடாக்குடிதான். ஆரோக்கியமான உடல் மணிக்கு ஏறக்குறைய ஓர் அளவைத்தான் கரைக்கும். உங்கள் சனிக்கிழமை எங்கே போகிறது என்பது இந்தக் கணக்கிலேயே தெரிகிறது. வாரநாளில் தொடாததை வைத்து உங்களை நீங்கள் அளக்காதீர்கள். முதல் கிளாஸ் உள்ளே போன பிறகு எத்தனையாவதில் நிறுத்துவேன் என்று முன்கூட்டிச் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள்.

நிறுத்தினால் கை நடுங்குகிறதா, வியர்த்துக் கொட்டுகிறதா, நெஞ்சு படபடக்கிறதா? தீபாவளி போன்ற நாட்களில் நான்கைந்து நாள் விடாமல் குடிப்பதுண்டா? மூவரில் ஒருவருக்கு ‘ஆம்’ என்றாலும் அவர் டாக்டரைப் பார்த்த பிறகுதான் நிறுத்த வேண்டும். தொடர்ந்து குடித்த உடலில் மது திடீரென்று நின்றால், கடைசிக் குடியிலிருந்து 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள்வரை சித்தம் கலங்கி, இல்லாதது கண்ணுக்குத் தெரியும் நிலை வரலாம். அது உயிரைப் பறிக்கக்கூடியது. அந்த நேரத்தில் கூட்டாளிகள் பக்கத்தில் உட்கார்ந்து தைரியம் சொல்வதால் பயனில்லை. ஆம்புலன்ஸுக்கு 995-ஐ அழைக்க வேண்டும். முன்பு ஒருமுறை வலிப்பு வந்தவர் எக்காரணம் கொண்டும் வீட்டில் தானாக நிறுத்தக் கூடாது.

நடுக்கம் எதுவும் இல்லையென்றாலும் பலதுறை மருந்தகத்துக்கு ஒருமுறை போய்விட்டு வாருங்கள். கல்லீரல் பரிசோதனை செய்துகொள்ளலாம், வைட்டமின் பி1 தேவையா என்று கேட்கலாம். நால்ட்ரெக்ஸோன் என்றொரு மாத்திரை இருக்கிறது. குடி தரும் சுகத்தைக் குறைத்து, அடுத்த கிளாஸின் இழுப்பைத் தளர்த்தும். மார்ஃபின் போன்ற ஓபியாய்ட் வகை வலிநிவாரணி எடுப்பவருக்கு அது ஆகாது, அதனால் டாக்டரிடம் எதையும் மறைக்காதீர்கள். உங்கள் மனைவிக்கும் ஒன்று சொல்கிறேன்: குழம்பில் கலந்து கொடுத்தால் குடி நின்றுவிடும் என்று யாராவது மாத்திரை தந்தால் வாங்க வேண்டாம். அது பெரும்பாலும் டைசல்ஃபிராம். அது உள்ளே இருப்பது தெரியாமல் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம்.

இனி உங்கள் குழு. அது உடைந்ததற்கு உங்கள் மனஉறுதி காரணமில்லை, குழுவை அமைத்த விதம்தான் காரணம் என்று நினைக்கிறேன். குடித்த பிறகு பேசுவதற்காக அந்தக் குழு இருந்தது. குடிப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்கு அங்கே ஆளில்லை. சனிக்கிழமை வருத்தப்படத் துணை தேவையில்லை, வருத்தம் தானாகவே வரும். வெள்ளி ஐந்தரை மணிக்கு பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போதுதான் துணை வேண்டும்.

அந்த நேரத்தில் குறுஞ்செய்தி போதாது. குரல் வேண்டும். குடிக்க முடிவு செய்துவிட்டவர் ‘ஓகே’ என்று தட்டச்சு செய்துவிடுவார், குரலில் மறைப்பது கடினம். அழைப்பவர் புத்தி சொல்லக் கூடாது. நான்கு விஷயம் கேட்டால் போதும்: மதியம் சாப்பிட்டீர்களா, இன்று யாரோடு சண்டை, எந்த வழியாக வீட்டுக்குப் போகிறீர்கள், வீட்டில் சரக்கு இருக்கிறதா. பசி, கோபம், தனிமை, அசதி என்ற நான்கும்தான் வெள்ளி மாலை காப்பிக்கடைக்குக் கைபிடித்து அழைத்துப் போகின்றன. சாப்பாட்டை ஆறரை மணிக்கே முடித்துவிடுங்கள். வயிறு நிறைந்தவருக்குப் பீர் அவ்வளவாக இழுக்காது. ஒரு நிறுத்தம் முன்னதாக இறங்கி, புளோக்கின் மறுபக்க லிஃப்டைப் பயன்படுத்துங்கள். சின்ன விஷயம்தான், ஆனால் கால் பழகிய பாதையில் மனம் கேட்காமலே நடந்துவிடும்.

இழுப்பு ஓர் அலை மாதிரி. பெரும்பாலும் பதினைந்து நிமிடத்திலிருந்து அரைமணி நேரத்துக்குள் உச்சத்துக்கு ஏறித் தணிந்துவிடும். இன்று இரவு முழுக்கத் தாங்க வேண்டும் என்று நினைத்தால் பயம் வரும். இருபது நிமிடம் போனை வைக்காமல் பேசியபடி நடந்தால் அந்த அலை கடந்துவிடும். நம் ஊர்ச் சட்டமும் கொஞ்சம் கைகொடுக்கிறது. 2015 ஏப்ரலிலிருந்து இரவு 10.30க்குப் பிறகு கடையில் மது வாங்கிக்கொண்டு போக முடியாது, பொது இடத்தில் குடிக்கவும் கூடாது. வீட்டில் ஒரு சொட்டும் இல்லாமல், 10.30 வரை வீட்டிலேயே இருந்துவிட்டால் அந்த வெள்ளியின் பெரும்பகுதி கடந்தது. அலமாரியில் இருப்பதை வியாழனன்றே கொட்டிவிடுங்கள். ‘விருந்தாளிக்காக’ என்று ஒரு பாட்டிலை விட்டுவைப்பவர் தனக்காகத்தான் விட்டுவைக்கிறார்.

முதல் மூன்று மாதம் அந்தக் காப்பிக்கடையே வேண்டாம். கிளாஸ் காலியாகும் முன்பே ஐஸ் போட்டு யாராவது ஊற்றிக்கொண்டே இருப்பார்கள், எத்தனை குடித்தோம் என்ற கணக்கே இருக்காது. தவிர்க்க முடியாத விருந்தென்றால் வாசலில் நுழைந்ததும் கையில் லைம் ஜூஸோ தே ஹாலியா என்ற இஞ்சி டீயோ எடுத்துக்கொள்ளுங்கள். ‘இன்னிக்கு வேணாம்’ என்பதோடு நிறுத்துங்கள். மாத்திரை சாப்பிடுகிறேன் என்று சாக்குச் சொன்னால் அடுத்த விருந்துக்கு வேறு சாக்கு தேட வேண்டியிருக்கும்.

ஒருவர் சறுக்கினால் என்ன செய்வது என்பதை எல்லோரும் தெளிவாக இருக்கும்போதே பேசி வையுங்கள். உங்கள் குழுவில் விழுந்த அமைதிதான் அடுத்த வெள்ளி மூவரையும் ஒரே மேசையில் உட்கார வைத்தது. சறுக்கியவர் ‘குடிச்சிட்டேன்’ என்று ஒரே வார்த்தை அனுப்பட்டும். மற்றவர்கள் இரவில் எதுவும் கேட்க வேண்டாம், காலையில் ஒருவர் அழைக்கட்டும். எத்தனை மணிக்கு, யாரோடு, அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று மட்டும் கேளுங்கள். போனது போச்சு, இனி எப்படிப் போனால் என்ன என்ற நினைப்புதான் ஒரு கிளாஸைப் பதின்மூன்றாக்குகிறது. மூன்றோடு எழுந்து வந்தவரிடம், எழுந்து வந்ததைச் சொல்லிப் பாராட்டுங்கள். ஆனால் அவரை மீட்டுவர காப்பிக்கடைக்குப் போகாதீர்கள். நீங்களும் நிறுத்திச் சில வாரமே ஆனவர்தான். குழுவில் கடன் கொடுக்கல் வாங்கல் வேண்டாம். ‘அன்னிக்கு எப்படி அடிச்சோம்’ என்ற பழைய கதையும் வேண்டாம், அந்தப் பேச்சே நாக்கில் ருசியை எழுப்பிவிடும்.

குடிக்கிறவனுக்குக் குடிக்கிறவன் உதவ முடியுமா என்று கேட்டீர்கள். 1935 மே மாதம் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், குடியை நிறுத்திச் சில மாதமே ஆன பில் வில்சன் என்பவர் வந்த வியாபாரம் கைநழுவி ஒரு ஹோட்டல் முகப்பில் நின்றிருந்தார். பக்கத்திலேயே மதுக்கூடம். அவர் உள்ளே போகாமல் தொலைபேசியை எடுத்து, தன்னைப் போன்ற இன்னொரு குடிநோயாளியிடம் பேச வேண்டும் என்று தேடினார். அப்படிக் கிடைத்தவர் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவர். அந்தச் சந்திப்பிலிருந்து பிறந்ததுதான், குடிநோயாளிகள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (ஏ.ஏ.). அந்த அழைப்பு குடிப்பதற்கு முன்னால் செய்யப்பட்டது, தம்பி. 2020இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 27 ஆய்வுகளை, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரத்தோடு, சேர்த்துப் பார்த்தது. முழுமையாக நிறுத்தியிருப்பதில் இந்த வழிக்கு முறையாக ஆற்றுப்படுத்தப்பட்டவர்கள் மற்ற சிகிச்சை பெற்றவர்களுக்குக் குறைந்தவர்களாக இல்லை, பல ஆய்வுகளில் மேலாகவே இருந்தார்கள்.

ஆனால் மூவராகவே இருந்துவிடாதீர்கள். மூவரும் ஒரே நாளில் தொடங்கியவர்கள். வழி தெரிந்த ஒருவர் வேண்டும். சிங்கப்பூரில் ஏ.ஏ. கூட்டங்கள் நடக்கின்றன, பெரும்பாலும் ஆங்கிலத்தில். கட்டணம் கிடையாது. குடியை நிறுத்தும் விருப்பம் மட்டுமே தகுதி, தினமும் குடிப்பவராக இருக்கத் தேவையில்லை. முதல் நாள் வாய் திறக்காமல் உட்கார்ந்து கேட்கலாம். கடவுள் பேச்சு வரும். ஒட்டவில்லையென்றால் அதை விட்டுவிட்டு மனிதர்களைப் பாருங்கள். ஓராண்டாவது குடிக்காமல் இருக்கும் ஓர் ஆணிடம் ‘எனக்கு ஸ்பான்சராக, அதாவது வழித்துணையாக, இருக்க முடியுமா’ என்று கேளுங்கள். வீ கேர் என்ற சமூக மீட்பு நிலையத்திலும் குழுக்கள் உண்டு. மனநலக் கழகத்தில் அடிமைப்பழக்கத்துக்குச் சிகிச்சை தரும் நாம்ஸ் பிரிவின் உதவி எண் 6732 6837. மனைவிக்கு, குடிப்பவர்களின் குடும்பத்தாருக்கான அல்-அனான் குழு இருக்கிறது. உங்கள் வாயை முகர்ந்து பார்க்கும் காவல் வேலையை மட்டும் அவருக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

முதல் சில வாரம் தூக்கம் சரியாக வராது, இனிப்பு கேட்கும். சாப்பிடுங்கள், பரவாயில்லை. அதைவிட ஐந்தாறு வாரத்தில் உடம்பு தேறி, முகம் தெளிந்து, ‘இனி அளவா குடிக்கலாமே’ என்று தோன்றும்போதுதான் எனக்கு உங்களைப் பற்றிக் கவலை. அந்த எண்ணம் வந்த அன்றே குழுவில் சொல்லிவிடுங்கள்.

இப்போதைக்கு, வரும் வியாழன் இரவு மூவரும் பேசி, வெள்ளி 5.30, 7.00, 9.30க்கு யார் யாரை அழைப்பது என்று எழுதிக்கொள்ளுங்கள். முதல் அழைப்பு நீங்கள் துவாஸில் பஸ் ஏறியதும் வரட்டும். மனைவியிடம் இந்த வெள்ளி வீட்டில் இருக்கச் சொல்லி இன்னும் கேட்க வேண்டாம். நான்கு வெள்ளி போகட்டும், பிறகு கேளுங்கள். அதற்குள் ஒருமுறை எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா