வீட்டுச் சுவருக்கு ஆஃப் ஒயிட்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் கூடத்துக்குச் சில ஆண்டுகளுக்கு முன் தூய வெள்ளை அடித்தோம். இரவில் விளக்கைப் போட்டால் மருத்துவமனை வார்டில் உட்கார்ந்திருப்பது போல் இருக்கிறது. இம்முறை இதமான ஆஃப் ஒயிட் அடிக்க எண்ணுகிறோம். ஷேட் கார்டில் எல்லாம் ஒன்று போலவே தெரிகின்றன. கார்டைப் பார்த்து அடித்த பக்கத்து வீட்டிலோ சுவர் முழுக்க மஞ்சளாகிவிட்டது. எங்களுடையது சிவப்பு சிமெண்டுத் தரை. வடக்கு ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம் நிற்கிறது. எந்தச் சாயலைத் தேர்ந்தெடுப்பது? பொங்கலுக்குள் வேலையை முடிக்க வேண்டும்.
– வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: கார்டை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள் என்பதே என் முதல் வேண்டுகோள். சிறிய தாளில் வெளிறித் தெரியும் நிறம் நான்கு சுவர்களிலும் பரவும்போது, ஒரு சுவரில் பட்ட ஒளி எதிர்ச் சுவருக்குப் போய்த் திரும்பி, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மஞ்சளை ஏற்றிக்கொள்வதால், கார்டில் கண்டதைவிட அழுத்தமாகவே தெரியும். பக்கத்து வீட்டில் நடந்ததும் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். ஆகவே மனத்துக்குப் பிடித்ததைவிட ஒரு படி வெளிறிய நிறத்தை எடுங்கள். அல்லது அதே நிறத்தைப் பாதி அடர்த்தியில் கலந்து தரும்படி கடையில் கேளுங்கள். மெஷினில் நிறம் கலந்து கொடுக்கும் கடைகளில் இதைச் செய்துதருவார்கள்.

எல்லா ஆஃப் ஒயிட்டுக்குள்ளும் மஞ்சள், இளஞ்சிவப்பு, பச்சை, சாம்பல் என ஏதாவது ஒரு சாயல் மறைந்திருக்கிறது. தனியாகப் பார்த்தால் அது கண்ணுக்குப் பிடிபடாது. வெள்ளை ஏ4 தாளின் மேல் நான்கைந்து கார்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் உடனே பிரிந்து தெரியும். உங்கள் கூடத்தில் காலை வெயில் சிவப்புத் தரையில் பட்டு எழும்பி, சுவரின் கீழ்ப்பகுதியைச் சற்றுச் சிவக்க வைக்கும். எனவே இளஞ்சிவப்புச் சாயல் உள்ளவற்றை முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். அவை உங்கள் வீட்டில் பீச் நிறமாகிவிடும். வேப்ப இலைகளின் வழியே வரும் ஒளியில் பச்சை கலந்திருப்பதால், பச்சை மஞ்சள் சாயலும் அங்கே சோகை பிடித்ததாகத் தெரியும். மஞ்சளோடு துளி பழுப்பு சேர்ந்த, பழைய தந்தத்தை ஒத்த நிறமே உங்கள் கூடத்துக்கு ஒத்துவரும் என்பது என் கருத்து. நிறம் எவ்வளவு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது என்பதைக் குறிக்கும் எல்.ஆர்.வி. எண்ணைச் சில நிறுவனங்கள் தருகின்றன. அது 75க்குக் குறையாமல் இருந்தால் மர நிழல் விழும் மூலையும் இருண்டு போகாது.

வடக்கு ஜன்னல் உள்ள அறை எப்போதும் குளிர்ந்த, நீலம் கலந்த ஒளியில் இருக்கும் என்று பல இடங்களில் எழுதப்படுவது வெளிநாட்டுக் குளிர்பிரதேசங்களுக்குப் பொருந்துவது. கடலூரும் புதுச்சேரியும் ஏறத்தாழ 12 பாகை வட அட்சத்தில் இருப்பதால், ஏப்ரல் கடைசி வாரம் தொடங்கி ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே சாய்ந்தே செல்கிறது. கோடையில் அந்த ஜன்னல் வழியே வரும் வெளிச்சம் வேறு, ஐப்பசி அடைமழையில் வருவது வேறு. உங்கள் சுவரை உங்கள் வெளிச்சத்தில் பார்ப்பதற்கு மாற்றாக எந்த அறிவுரையும் இல்லை.

அதற்கு இரண்டடிக்கு இரண்டடி பிளைவுட் துண்டு ஒன்றில் வெள்ளை பிரைமர் அடித்து, அதன் மேல் தேர்ந்த நிறத்தை இரண்டு கோட் அடியுங்கள். பழைய சுவரின் மேலேயே அடித்துப் பார்த்தால் சுற்றியுள்ள தூய வெள்ளை கண்ணை ஏமாற்றும். புது நிறம் உள்ளதைவிட மஞ்சளாகத் தோன்றும். பலகை நன்றாகக் காய்ந்ததும் ஜன்னலுக்கு எதிரே, இருண்ட மூலையில், தரையை ஒட்டி என்று இடம் மாற்றி வைத்து, காலையிலும் உச்சி வெயிலிலும் விளக்கு வைத்த பின்னும் பாருங்கள். விளக்கு என்பதை அழுத்திச் சொல்கிறேன். நம் வீடுகளில் பெரும்பாலும் 6500 கெல்வின் எல்.இ.டி. எரிகிறது (கெல்வின் என்பது ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அளவு; எண் கூடக் கூட நீலம் கூடும்), அந்த நீல வெளிச்சத்தில் எவ்வளவு நல்ல தந்த நிறமும் மங்கிச் சாம்பல் பூத்துவிடும். 3000 கெல்வின் பல்பில் அதே சுவர் வெண்ணெய் நிறத்துக்கு வரும். படிக்கவும் காய் நறுக்கவும் அது போதாது என்றால் 4000 கெல்வின் நடுவழி. உங்கள் மருத்துவமனைக் குறையில் பாதி, பல்பை மாற்றியவுடனேயே தீர்ந்துவிடக்கூடும். ஆகையால் முதலில் பல்பை மாற்றுங்கள், பிறகு நிறத்தை முடிவு செய்யுங்கள்.

பொங்கலுக்குள் முடிக்க வேண்டும் என்பதை மட்டும் நான் ஏற்க மாட்டேன். பொங்கலுக்கு வெள்ளையடிப்பது சுண்ணாம்புக் காலத்து வழக்கம். சுண்ணாம்பு ஈரத்தைப் பொறுத்துக்கொள்ளும், இன்றைய எமல்ஷன் பெயிண்ட் பொறுக்காது. வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை சுவரை நனைத்தெடுத்திருக்கும்போது தை பிறப்பதற்குள் பட்டி பார்த்து பெயிண்ட் அடித்தால், உள்ளே சிக்கிய ஈரம் சித்திரை வெயிலில் கொப்புளமாக வெளியே வரும். ஒரு சதுர அடி பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரங்களையும் டேப் போட்டு ஒட்டி, இரண்டு நாள் கழித்துப் பிரித்துப் பாருங்கள். உட்பக்கம் நீர்த்துளி கோத்திருந்தால் மாசி வரை காத்திருங்கள்.

கேள்வி: தமிழர் பகுதியில் உள்ள எங்கள் பழைய வீட்டின் சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டவை. ஆஃப் ஒயிட் எமல்ஷன் அடித்தால் முழங்கால் உயரம் வரை ஒவ்வோர் ஆண்டும் பொரிந்து கொட்டுகிறது. இன்னும் விலை உயர்ந்த பெயிண்ட் அடித்தால் நிற்குமா?
– வாசகர், புதுச்சேரி

பதில்: நிற்காது. விலையைக் கூட்டக் கூட்டப் பொருக்கு பெரிதாகும். பழைய அஸ்திவாரம் மண்ணின் ஈரத்தை மேலே இழுக்கிறது. அந்த ஈரத்தோடு வரும் உப்பு, நீர் ஆவியாகும் இடத்தில் படிகமாகிப் பூக்கிறது. சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விட்டுவிடும். எமல்ஷன் படலம் அதை மறிப்பதால், உப்பு படலத்துக்குப் பின்னால் தங்கி அதைத் தள்ளுகிறது. முதலில் பொரிந்ததைச் சுரண்டி, பூத்த உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் துடைத்தெடுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடியும் சுவருக்குள்ளேயே போகும். உதிர்ந்த பூச்சைச் சிமெண்டால் அடைக்காமல் சுண்ணாம்புக் கலவையாலேயே சரிசெய்யுங்கள்.

உங்கள் ஆஃப் ஒயிட் சுண்ணாம்பிலேயே கிடைக்கும். நன்றாக நீற்றி ஊறவைத்த கிளிஞ்சல் சுண்ணாம்பைத் துணியில் வடிகட்டி, மஞ்சள் காவியைத் தனியே நீரில் கரைத்து வடிகட்டிச் சிறிது சிறிதாகச் சேருங்கள். காவி இரும்பு ஆக்சைடு என்பதால் சுண்ணாம்பின் காரத்தில் நிறம் கெடாது. ஈரத்தில் அழுத்தமாகத் தெரிவது காய்ந்ததும் மிக வெளிறிவிடும். வாளியில் பார்த்து முடிவு செய்யாமல், ஓட்டுத் துண்டில் பூசி வெயிலில் காயவைத்துப் பாருங்கள். அடிப்பவர்கள் பழக்கத்தில் நீலம் கலந்துவிடப் போகிறார்கள். அதைக் கண்டிப்பாகத் தடுங்கள், இதமெல்லாம் அதிலேயே போய்விடும். சுவரை லேசாக நனைத்துவிட்டு, மூன்று மெல்லிய கோட்டாக அடிக்கச் சொல்லுங்கள். கையில் ஒட்டாமலிருக்க வஜ்ஜிரப் பசை சேர்ப்பது பழைய வழக்கம், அது போதும்.

கேள்வி: உள்ளே அடித்த அதே ஆஃப் ஒயிட்டை வெளிச்சுவருக்கும் அடிக்கலாமா? கதவு, ஜன்னலுக்கு என்ன நிறம்?
– வாசகர், லாஸ்பேட்டை

பதில்: வெளியே அதே நிறம் வெறும் வெள்ளையாகவே தெரியும், கடற்கரை வெயில் சாயலை விழுங்கிவிடும். புதுச்சேரியின் ‘ஒயிட் டவுன்’ எனப்படும் வெள்ளை நகரத்துத் தெருக்களில் அத்தனை அழுத்தமான கடுகு மஞ்சளும் கண்ணை உறுத்தாமல் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். எனவே வெளியே இரண்டு படி அழுத்தமாக எடுங்கள், வெளிச்சுவருக்குரிய எமல்ஷனையே வாங்குங்கள். கதவுக்குத் தூய வெள்ளை வைத்தால் பக்கத்துச் சுவர் அழுக்காகத் தெரியும். சுவரின் நிறத்தையே பளபளப்பில் அடிப்பது மேல். எண்ணெய் சார்ந்த வெள்ளை எனாமல், வெளிச்சம் படாத அலமாரிக் கதவின் உட்புறத்தில் நாளடைவில் பழுப்பேறும் என்பதால் தண்ணீரில் கரையும் எனாமலைக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: 12க்கு 10 அடி அறைக்கு எத்தனை லிட்டர் வேண்டும்?
– வாசகி, நெல்லிக்குப்பம்

பதில்: பத்தடி உயரம் என்றால் நான்கு சுவர்களும் 440 சதுர அடி, கதவு, ஜன்னலுக்கு 60 கழித்தால் 380. பட்டி பார்த்து பிரைமர் அடித்த சுவரில் இரண்டு கோட்டுக்கு லிட்டருக்கு ஏறத்தாழ 65 சதுர அடி எனக் கொண்டால் ஆறு லிட்டர். கூடுதலாக ஒரு லிட்டரை அதே நாளில், அதே கலவையில் வாங்கி, எல்லா டப்பாக்களையும் ஒரே பெரிய வாளியில் ஊற்றிக் கலக்கிய பிறகே அடிக்கச் சொல்லுங்கள். டப்பாவுக்கு டப்பா உள்ள மெல்லிய நிற வேறுபாடு ஆஃப் ஒயிட்டில்தான் சுவரின் நடுவே பட்டையாகத் தெரியும். மீந்ததை மூடி வைத்து, நிறத்தின் எண்ணையும் வாங்கிய தேதியையும் மூடியின் மேல் எழுதிவிடுங்கள்.