பழைய சொகுசு ஜீப் வாங்கேக்க மொடல் இயர் ஏன் முக்கியம்?

மொடல் இயர் எண்டா அந்த வண்டி எந்த வருசத்து வடிவம் எண்டதுதான், ஷோரூமில இருந்து றோட்டுக்கு வந்த திகதி இல்ல. ஒரு தலைமுறை புதுசா வரேக்க எஞ்சின், கியர், கரண்டு வேலை எல்லாம் ஒரேயடியா மாறும், குறை என்னெண்டு ஓட்டுற சனம்தான் கண்டுபிடிக்கும், கொம்பனி பிறகுதான் திருத்தும். தோசை சுடேக்க முதல் தோசை கல்லில ஒட்டுமே, அதுமாதிரித்தான்.

டொயோட்டா பிராடோ ஜீப்பில 150 எண்ட தலைமுறையையே எடுங்கோ. 2009ல வந்துது, 2013லயும் 2017லயும் முகம் மாறிச்சு, ஆனா பெரிய மாற்றம் 2015ல, 3.0 லீற்றர் டீசல் எஞ்சின் போய் 2.8 லீற்றர் வந்துது. அந்த 2.8ல புகை வடிகட்டி அடைக்கிற பிரச்சினை ஆஸ்திரேலியாவில கோர்ட் வரைக்கும் போச்சு. என்னைக் கேட்டா 2015க்கு முந்தின 3.0 நல்லம், ஆனா இஞ்செக்டர் (எஞ்சினுக்குள்ள டீசல் பீச்சிறது) செக் பண்ணாம காசு குடுக்காதேங்கோ.

திருகோணமலையில இன்னொண்டும் இருக்கு, உப்புக்காத்து. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடலோரம் நிண்ட வண்டியெண்டா டோர்ச் அடிச்சு அடிச்சட்டத்தைப் பாருங்கோ, வெல்டிங் ஓரத்தில பெயின்ட் கொப்புளம் போட்டிருந்தா உள்ள துரு. மேல பொலிஷ் போட்டு மினுக்கி வைச்சிருப்பினம் (எல்லாரும் அதைத்தான் பாக்கிறது).

கனபேர் பதிவு வருசத்தைத்தான் மொடல் எண்டு நினைக்கினம், அது பிழை. 2018ல பதிஞ்ச வண்டி 2015ல செய்ததாயும் இருக்கலாம், வண்டியின்ர பதிவுப் புத்தகத்தில உற்பத்தி ஆண்டு தனியாப் போட்டிருக்கும், சீட் பெல்ட் லேபலிலயும் அனேகமா இருக்கும்.