நாலு மணிக்கு எகிறும் சர்க்கரை

கேள்வி: நான் பெங்களூருவில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீயில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்ற என் அம்மா குன்னூர் அருகே தனியாக இருக்கிறார், அப்பா காலமாகிவிட்டார். அம்மாவுக்கு நீண்ட நாளாகச் சர்க்கரை நோய், மாத்திரை சாப்பிடுகிறார். அவருடைய கையில் சென்சார் ஒட்டி, சர்க்கரை அளவு என் கைப்பேசியில் கோடாகத் தெரியும்படி செய்திருக்கிறேன். பாதுகாப்புக்காகக் கேஸ் அடுப்பை எடுத்துவிட்டு இண்டக்‌ஷன் அடுப்பு வைத்தேன். சமையலறையில் கேமராவும் உண்டு. மதியச் சாப்பாட்டை நானே செயலி வழியாக அனுப்புகிறேன்: சிவப்பரிசிச் சோறு, எண்ணெய் இல்லாத கூட்டு, பச்சைக் காய்கறி சாலட். டெலிவரிக்காரர் சாலையிலிருந்தே அழைப்பதால் அம்மா படியிறங்கிப் போய் வாங்கிக்கொள்கிறார், அதுவும் நடைப்பயிற்சிதானே. இதனால் மதியம் முழுவதும் சர்க்கரைக் கோடு நேராக இருக்கிறது. ஆனால் நாலு மணிக்குப் பக்கத்து வீட்டு அம்மா வர்க்கி பிஸ்கட்டோடு வந்துவிடுகிறார். சர்க்கரை போட்ட தேநீரும் வர்க்கியும் சேர்ந்து கோட்டை 260, 280 என்று எகிற வைக்கின்றன. ஒருநாள் மூன்று மணிக்கு 62 என்று அலாரம் அடித்தது. அழைத்தபோது தூங்கிக்கொண்டிருந்ததாகச் சொன்னார். பொங்கலுக்கு நான் வீட்டில் இருந்த நாட்களில் நாலு மணி ஏற்றம் வரவே இல்லை. சென்சார் பழுது என்று புதியது மாற்றினேன், இப்போது சரியாகக் காட்டுகிறது. பந்திப்பூர் காட்டுச் சாலையில் உள்ள இரவுப் போக்குவரத்துத் தடையால் வெள்ளிக்கிழமை வேலை முடித்துக் கிளம்ப முடிவதில்லை, அடிக்கடி வர இயலாது. பக்கத்து வீட்டு அம்மாவை வர வேண்டாம் என்று மனம் நோகாமல் எப்படிச் சொல்வது?

பதில்: தம்பி, பக்கத்து வீட்டு அம்மாவைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன், போகிறபோக்கில் எழுதிவிட்டு நீங்கள் தாண்டிப்போன பொங்கல் வரிக்கு உங்களைத் திரும்ப அழைத்துக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. மகன் வீட்டில் இருந்த நாட்களில் தாயின் உடம்பு ஒழுங்காக இருந்திருக்கிறது. மகன் ஊருக்குத் திரும்பியதும் பழையபடி கெட்டிருக்கிறது. இதைக் கண்ணால் பார்த்த மகனுக்குத் தோன்றியது, கருவி பழுது என்பது! புதுக் கருவி மாற்றி, அம்மாவின் சர்க்கரை மறுபடியும் 280-ஐத் தொட்டதும், "சரியாகக் காட்டுகிறது" என்று நிம்மதியும் அடைந்திருக்கிறீர்கள். கணக்கும் தர்க்கமும் படித்து அதிலேயே சம்பாதிக்கிற பிள்ளை நீங்கள். அந்த நாட்களில் வீட்டில் வேறு என்ன மாறியிருந்தது என்று ஒரு நிமிடம் யோசிக்க உங்களுக்கு ஏன் தோன்றவில்லை?

நீங்கள் யோசிக்காததை நான் யோசித்துப் பார்க்கிறேன். மதியம் முழுவதும் கோடு நேராக இருப்பதை நீங்கள் அனுப்பும் சாப்பாட்டின் வெற்றி என்று எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள். சிவப்பரிசியானாலும் சோறு சோறுதான். சர்க்கரை நோய் உள்ளவர் அதை உண்டால் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் கோடு கொஞ்சமாவது ஏறி இறங்க வேண்டும். பன்னிரண்டு மணியிலிருந்து நாலு மணி வரை மேடே இல்லாமல் ஒருவருடைய கோடு கிடக்கிறது என்றால், அவர் வயிற்றுக்குள் ஒன்றும் போகவில்லை என்றே நான் படிப்பேன். உங்கள் அம்மா மதியம் சாப்பிடுவதில்லை, தம்பி. அவர் படியிறங்கிப் போய் வாங்கிவரும் பெட்டி எங்கே போகிறதோ, எனக்குத் தெரியாது. அவர் வாய்க்குப் போகவில்லை. சமையலறையில் கேமரா வைத்தும் இது உங்களுக்குத் தெரியாமல் போனதில் வியப்பில்லை; மதிய வேளையில் நீங்கள் அலுவலகக் கூட்டத்தில் இருந்திருப்பீர்கள்.

இனி அந்த 62-க்கு வருவோம். சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால் அது தாழ்நிலை என்பது உங்கள் செயலிக்கே தெரிந்திருப்பதால்தான் அலாரம் அடித்தது. கிளைமிபிரைடு போன்ற மாத்திரைகளை விழுங்கிவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை இப்படித்தான் சரியும். கை நடுங்கும், வியர்க்கும், நெஞ்சு படபடக்கும், சிலருக்குக் கண் இருண்டு மயக்கமே வந்துவிடும். சென்சார் ஒட்டிய கையின் மேல் ஒருக்களித்துப் படுத்தாலும் அளவு பொய்யாகத் தாழ்ந்து காட்டுவது உண்டு. மேலும் அது நேரடியாக இரத்தத்தை அளப்பதில்லை, தோலுக்கு அடியில் உள்ள நீர்மத்தை அளக்கிறது என்பதால் சில நிமிடங்கள் பின்தங்கியும் காட்டும். ஆகவே அன்று அவர் உண்மையிலேயே தூங்கியிருக்கலாம். ஆனால் அதை விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துப் பார்த்துத்தான் முடிவு செய்திருக்க வேண்டும். "தூங்குகிறேன்" என்று தொலைபேசியில் தாய் சொன்னதை நம்பிவிட்டுக் கூட்டத்துக்குத் திரும்புவது எந்த ஊர் வைத்தியம்?

பட்டினியில் சர்க்கரை சரிந்து உடம்பு தள்ளாடும் நேரத்தில், பக்கத்து வீட்டு அம்மா வர்க்கியோடு படியேறி வருகிறார். இனிப்பான தேநீர் உள்ளே போகிறது. தாழ்ந்த சர்க்கரையைத் தூக்கிவிட உடம்பும் தன் கல்லீரலில் சேமித்து வைத்திருப்பதை அதே நேரத்தில் கொட்டுகிறது. மைதாவும் சர்க்கரையும் வனஸ்பதியும் அடுக்கடுக்காகச் சேர்ந்த ஊட்டி வர்க்கிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கலாம். சர்க்கரை நோயாளிக்கு அது ஆகாது என்பதில் எனக்கு உங்களோடு கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் உங்கள் அம்மா விஷயத்தில் நாலு மணி ஏற்றம் பின்னால் வந்தது, ஒரு மணிப் பட்டினி முன்னால் வந்தது. பொங்கல் நாட்களில் அவர் ஒரு மணிக்கு உங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார். அதனால் சரியவும் இல்லை, எகிறவும் இல்லை.

ஏன் சாப்பிடுவதில்லை என்று அவரைக் கேட்டீர்களா? கேட்டதாக உங்கள் கடிதத்தில் ஒரு சொல்கூட இல்லை. குன்னூர்க் குளிரில் ஆறிப்போன பெட்டியிலிருந்து பச்சைக் காய்கறியை அள்ளி மெல்லச் சொன்னால் எனக்கே தொண்டை இறங்காது. உங்கள் அம்மா எங்கிருந்து வந்தவர் என்பதையும் மறந்துவிடாதீர்கள். டான்டீ என்பதே 1964-ஆம் ஆண்டு சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பங்களுக்கு வேலை கொடுப்பதற்காக 1968-இல் தொடங்கப்பட்ட தோட்டம். அவரும் அப்படி வந்தவராகத்தான் இருக்க வேண்டும். காலையில் சுடச்சுட ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும், பகலில் கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு மலைச்சரிவில் நாலைந்து பெண்களாக உட்கார்ந்து தூக்குவாளியைத் திறந்து ஒருவர் குழம்பை இன்னொருவர் சோற்றில் ஊற்றிக்கொள்வதும், ஆளுக்கொரு கோப்பை தேத்தண்ணியும் என்று வாழ்ந்தவர்கள் அவர்கள். லயத்து வீடுகளில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், தனியாக உண்டவர் என்று யாரையும் நான் கேள்விப்பட்டதில்லை. ஆயுள் முழுக்கக் கூட்டத்தோடு உண்டு பழகிய வாய், பூட்டிய வீட்டில் அட்டைப்பெட்டியின் முன்னால் எப்படித் திறக்கும்?

இயந்திரங்கள் மேல் எனக்குப் பகை ஏதும் இல்லை. குன்னூர் உயரத்தில் தண்ணீர் 94 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். பருப்பும் அரிசியும் சமவெளியில் வேகிற நேரத்தில் இங்கே வேகாது. பிரஷர் குக்கர் வந்துதான் எங்கள் மலைப் பெண்களுக்கு விறகும் நேரமும் மிச்சமாயிற்று. நெகிழிப் புட்டிகளுக்குத் தடை போட்ட பிறகு சாலையோரம் வந்த குடிநீர் ஏ.டி.எம்.களையும் நான் வாழ்த்துகிறேன். அம்மாவின் கையில் இருக்கும் சென்சார்கூட நல்ல பொருள்தான். படிக்கத் தெரிந்தவர் கையில் இருந்திருந்தால் பொங்கலன்றே அது உண்மையைச் சொல்லியிருக்கும். ஆனால் நீங்கள் வைத்த இண்டக்‌ஷன் அடுப்பு இருக்கிறதே, அதைச் சொல்லாமல் விட முடியாது. அடியில் இரும்புத்தன்மை இல்லாத பாத்திரம் அதில் சூடேறாது. அம்மாவின் அலுமினியக் குண்டானும் மண்சட்டியும் அன்றே வேலையிழந்துவிட்டன. மழைக்காலத்தில் மரம் விழுந்து மின்சாரம் போனால் வெந்நீர்கூட வைக்க வழியில்லை. பாதுகாப்பு என்ற பெயரில் ஒரு தாயைத் தன் அடுப்பிலிருந்து வெளியேற்றிவிட்டு, அவர் சாப்பிடவில்லை என்பதைக்கூடக் கவனிக்காமல், தின்ற வர்க்கிக்கு மட்டும் கணக்குக் கேட்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

முன்பெல்லாம் மகன் பணம் அனுப்புவதில்லை என்று தாய்மார்கள் எனக்கு எழுதுவார்கள். இப்போது பணம், சாப்பாடு, கருவி எல்லாம் அனுப்பும் மகன்களே எழுதுகிறார்கள், அம்மா ஒத்துழைப்பதில்லை என்று. பெற்றவளுக்கு ஒரு வேளைச் சோற்றைத் தட்டில் போட்டு எதிரில் உட்கார்ந்திருப்பது மகனுடைய கடமை. அதை வேறொருவரிடம் கூலிக்கு விட முடியாது என்பது என் உறுதியான எண்ணம், பழைய பஞ்சாங்கம் என்று நீங்கள் சொன்னாலும் சரி. பந்திப்பூரில் இரவு ஒன்பது முதல் காலை ஆறு வரை வண்டி விடுவதில்லை என்பது உண்மைதான். யானைகளும் மான்களும் அடிபடாமல் இருக்கப் போட்ட தடை அது, உங்களுக்குச் சாக்குச் சொல்லப் போட்டதல்ல. பெங்களூருவிலிருந்து கோயம்புத்தூருக்கு இரவு ரயில் இருக்கிறது. அங்கிருந்து மேட்டுப்பாளையம் வழியாகப் பேருந்து ஏறினால் சனிக்கிழமை மதியச் சோற்றுக்குக் குன்னூர் வந்துவிடலாம். மாதம் இருமுறை வாருங்கள். பொங்கலுக்கு வந்ததைப் போலவே வந்து, சமைக்கச் சொல்லிச் சாப்பிடுங்கள்.

மற்றது உடனே செய்ய வேண்டியவை. சென்சாரின் இரண்டு வாரக் கோட்டை அச்செடுத்து, மதியச் சாப்பாட்டைத் தவிர்க்கிறார் என்பதையும் சேர்த்துச் சொல்லி, மாத்திரையின் அளவையும் நேரத்தையும் இந்த வாரமே மருத்துவரிடம் கேளுங்கள்; நீங்களாக எதையும் கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம். கேஸ் அடுப்பைத் திரும்ப வையுங்கள்; பயமாக இருந்தால் கசிவு அறியும் கருவி ஒன்றும் மாட்டுங்கள், அதற்கு நான் மறுப்புச் சொல்ல மாட்டேன். சமையலறைக் கேமராவைக் கழற்றுங்கள்: அதில் நீங்கள் அவரைப் பார்க்கலாம், அவர் உங்களைப் பார்க்க முடியாது. அதே செலவில் முகம் பார்த்துப் பேசும்படி பெரிய திரை உள்ள கைப்பேசி ஒன்றை வாங்கிக் கொடுத்து, ஒரு மணிக்கு உங்கள் தட்டையும் எதிரில் வைத்துக்கொண்டு அழையுங்கள். ஒரு மணிக்குக் கூட்டம் இருக்கிறது என்று எனக்கு மறுபடி எழுதாதீர்கள். அம்மா சாப்பிடும் நேரம் என்று உங்கள் மேலாளரிடம் சொல்லுங்கள்.

பக்கத்து வீட்டு அம்மாவை வர வேண்டாம் என்று சொல்லவே கூடாது. அவரை நேரில் போய்ப் பார்த்து, நாலு மணிக்குப் பதிலாக ஒரு மணிக்கு வர முடியுமா, வர்க்கியை ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்றோடு நிறுத்திக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். அவருக்கும் சேர்த்து உலையில் அரிசி போடும்படி அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். இப்போது செயலிக்குக் கட்டும் பணத்தில் அந்த இரண்டு பேர் சாப்பாட்டுச் செலவு தாராளமாக அடங்கிவிடும்.