பெஸ் ஃபிளவர்ஸ் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

‘ஆல் அபவுட் ஈவ்’ பார்த்தேன். விருது வாங்கிய ஈவை ஒரே வரியில் வாழ்த்திவிட்டுப் போகும் பெண்மணியை வேறு பல படங்களிலும் பார்த்த ஞாபகம். தேடினேன், பெயர் பெஸ் ஃபிளவர்ஸ். நூற்றுக்கணக்கான படங்கள், பெரும்பாலானவற்றில் பெயர்கூடப் போடவில்லை. தோற்றுப்போன நடிகை ஒருவரின் கதை என்று வருத்தமாக இருந்தது. அவருக்கு ஏன் பெரிய வேடம் கிடைக்கவில்லை? அவரைப் பார்க்க எந்தப் படத்தில் தொடங்கலாம்?

க., திருச்சி

அன்புள்ள க.,

அந்த முகத்தைக் கவனித்தீர்களே, அதற்கே உங்கள்மேல் பிரியம் வந்துவிட்டது. கொஞ்ச நாளாக நானும் பழைய ஹாலிவுட் படங்களில் நாயகனை விட்டுவிட்டுப் பின்னால் நிற்பவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் ‘தோற்றுப்போன நடிகை’ என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? யாரிடம் தோற்றார்?

பெரிய வேடம் பற்றிய கேள்வியை விடுங்கள். அது கிடைக்காதவர்கள் அந்த ஊரில் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். 1923இல் தொடங்கி நாற்பது வருடம் ஒருவரை விடாமல் வேலைக்குக் கூப்பிட்டார்கள் என்றால் அது ஏன் என்றல்லவா கேட்டிருக்க வேண்டும்?

பெஸ் மாதிரி பின்னணியில் நிற்கும் துணை நடிகர்களை ‘எக்ஸ்ட்ரா’ என்பார்கள். எக்ஸ்ட்ராக்களில் தரம் உண்டு. தெருக்கூட்டத்தில் நிற்பவர் ஒரு ரகம். விருந்துக்குப் போகிற மாதிரி சொந்த உடுப்பு வைத்திருக்கும் ‘டிரெஸ் எக்ஸ்ட்ரா’ வேறு ரகம், கூலியும் கூடுதல். டெக்சாஸிலிருந்து வந்த பெஸ் நல்ல உயரம், உடுத்தத் தெரிந்தவர். அந்த உடுப்புகள்தான் அவர் தொழிலில் போட்ட முதலீடு. 1925இல் ஸ்டுடியோக்களுக்கு ஆள் அமர்த்தித் தரும் சென்ட்ரல் காஸ்டிங் என்ற அலுவலகம் வரும்வரை எக்ஸ்ட்ராக்கள் ஸ்டுடியோ வாசலில் காத்துக் கிடந்து, ஏஜென்டுக்குக் கமிஷன் அழுதுதான் ஒரு நாள் வேலை வாங்க முடியும். அந்தக் காலத்தையும் பார்த்தவர் இவர்.

அப்புறம் வேலை. ஒரு விருந்துக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். முன்னால் நாயகி பேசுகிறாள், மைக்கில் அவள் குரல் மட்டும்தான் விழ வேண்டும். பின்னால் இருக்கும் அத்தனை பேரும் சத்தமில்லாமல் பேசுவார்கள், சத்தமில்லாமல் சிரிப்பார்கள், இசையே இல்லாமல் தாளம் தப்பாமல் ஆடுவார்கள். நாயகியின் எந்தச் சொல்லில் கோப்பை உதட்டுக்குப் போனதோ, அடுத்த டேக்கிலும் அதே சொல்லில் போக வேண்டும். இல்லாவிட்டால் எடிட்டிங்கில் ஒட்டாது. கொஞ்சம் கூட்டிச் செய்தால் பார்ப்பவன் கண் அங்கே ஓடிவிடும், குறைத்தால் ஜவுளிக்கடை பொம்மை. இதை நாள் முழுக்க, இறுக்கமான உடுப்பில், விளக்குச் சூட்டில் செய்துபாருங்கள். நம்மில் எத்தனை பேர் மதியம்வரை தாங்குவோம்? இதைத் தொழில் என்று மதிக்காமல் பரிதாபப்படுவது எனக்குக் கோபத்தைத்தான் வரவழைக்கிறது.

அவருக்கு அந்தப் பரிதாபம் தேவைப்படவும் இல்லை. 1940களில் எக்ஸ்ட்ராக்கள் தங்களுக்கென்று ஸ்கிரீன் எக்ஸ்ட்ராஸ் கில்ட் என்ற சங்கத்தைத் தொடங்கியபோது அதன் முதல் நிர்வாகிகளில் அவரும் ஒருவர். தன் வேலையின் விலை அவருக்குத் தெரிந்திருந்தது.

சரி, எந்தப் படம் என்று கேட்டீர்கள். சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வாங்கிய ஐந்து படங்களில் அவர் இருக்கிறார், 1934இல் வந்த ‘இட் ஹாப்பன்ட் ஒன் நைட்’ அவற்றில் முதலாவது. அதில் பத்திரிகை ஆசிரியரின் செயலாளர். ஆனால் தொடங்குவதற்கு நான் சொல்வது ‘ரியர் விண்டோ’. இசையமைப்பாளர் வீட்டு விருந்தில் பூடில் நாயோடு இருப்பார். இரண்டாம் முறை பார்க்கும்போது நாயகன் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டை மறந்துவிட்டு அவரை மட்டும் பாருங்கள், பார்த்துவிட்டு எழுதுங்கள்.