6 முதல் 8 வகுப்புப் பிள்ளைகளுக்குச் செலவில்லாத கலை வேலை என்ன கொடுக்கலாம்?

ஆந்திராவின் நகரி ஊர்ப் பள்ளிக்குக் கேட்டிருக்கிறீர்கள். சார்ட் பேப்பரும் தெர்மாகோலும் அலுத்துவிட்டன. நம் பக்கத்துக் காளஹஸ்தியின் கலம்காரியை, அதாவது துணியில் பேனாவால் கையால் வரையும் ஓவியத்தை, செய்ய வையுங்கள்.

துருப்பிடித்த ஆணி, வெல்லம், தண்ணீர் மூன்றையும் பானையில் இரண்டு மூன்று வாரம் ஊறவிடுங்கள்; அந்தத் தண்ணீர்தான் மை. மூடியை இறுக்காதீர்கள். நாறும், வெளியே வையுங்கள். கஞ்சி போக அலசிய காடாத் துணியைக் கடுக்காய்ப் பொடி கலந்த பாலில் நனைத்துக் காயவையுங்கள். கடுக்காயின் துவர்ப்பு இரும்போடு சேர்ந்தால்தான் கறுப்பு; பாலின் கொழுப்பு மை பரவாமல் தடுக்கும். மூங்கில் குச்சியில் கம்பளி நூலைச் சுற்றினால் அதுதான் பேனா. நூலை அழுத்த அழுத்த மை இறங்கும்.

வெளிறிய கோடு கண்ணெதிரே கறுக்கும்போது பிள்ளைகள் கத்துவார்கள், கத்தட்டும். முதல் நாளே இராமாயணக் காட்சி வேண்டாம். வாசல் கோலமே போதும்.